மாயாவி காட்டிய மின்சாரம்

 

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளில் மின் பொறியாளராகவே என் காலம் போனது. அதனால் இந்தப் பட்டமளிப்பு விழாவில் தொழில் வளர்ச்சி பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது காமிக்ஸ் பற்றி. முன்வரிசையில் சில அப்பாக்களின் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது.

1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த கதை அது. படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன் மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், எஃகுக் கை மட்டும் தெரியும். ஒரு கட்டத்தில் சுவரில் பிளக் பாயின்ட். அடுத்த கட்டத்தில் எஃகு விரல் அதற்குள். அதற்கும் அடுத்ததில் முகமும் கோட்டும் கரைந்து, கை மட்டும் அந்தரத்தில். மட்டமான தாளில் அச்சான அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

பொன்னேரியில் எங்கள் மாமா மின்வாரியத்தில் ஒயர்மேன். வரலாற்றுப் புத்தகத்துக்குள் மாயாவியை வைத்து நான் படிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டார். பிடுங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு கேட்டார்: “ஏன் மாப்ளே, இவன் விரலை உள்ளே விட்டதும் கரண்ட் எங்கே போவுது?”

“உடம்புக்குள்ள” என்றேன்.

“உள்ள போயி? வெளிய போறதுக்கு ஒரு வழி வேணாமா?”

அந்தக் கேள்வியோடு என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போனார். கம்பத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் எதற்கு, ஒற்றைக் கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை, எர்த் குழியில் உப்பையும் கரியையும் ஏன் கொட்டுகிறார்கள், எல்லாம் சொன்னார். டார்ச் பேட்டரி, பல்பு, ஒயர்த் துண்டு மூன்றையும் கையில் கொடுத்து எரியவைக்கச் சொன்னார். ஓமின் விதி பள்ளிப் பாடத்தில் வருவதற்கு முன்பே அதன் சாரம் எனக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்கும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இன்டக்‌ஷன் பர்னஸ் பேனலைக் காட்டும்போது மாயாவியைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். சப்ளையை நிறுத்தினால் மட்டும் போதாது, பூட்டுப் போட வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும் மின்சாரம் அதன் பிறகும் ஆளைக் கொல்லும், எர்த் ராடு வைத்து அதை இறக்காமல் கை நீட்டக் கூடாது. கதையில் மறைந்தவன் அடுத்த பக்கத்தில் திரும்பி வந்துவிடுவான். ஆலையில் அப்படி வரமாட்டான், கண்ணுகளா.

நான் காமிக்ஸ் வாங்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறிச் சென்னை போகிறவர்கள் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்குகிறீர்களே, அந்த இடத்தில்தான் 1900-இல் திறந்த பழைய மூர் மார்க்கெட் இருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது பாடப் புத்தகம் வாங்கக் கொடுத்த காசில் பழைய புத்தகம் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு முத்து காமிக்ஸும் இந்திரஜால் காமிக்ஸும் வாங்குவேன். இந்திரஜாலின் வேதாளன் கதைக்கு அடியில் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் புத்தகம் கிடக்கும். 1985 மே மாதத் தீயில் அத்தனையும் சாம்பலாயின. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளத்துக்குப் போனார்கள். அந்த நெருப்பை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நல்லவேளையாக, அதற்கு முந்தைய வருடமே சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் மாடஸ்டி பிளைஸி கதையோடு லயன் காமிக்ஸைத் தொடங்கியிருந்தார். அதே 1984-இல்தான் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்டைக் கூட்டிவந்தது. 1948-இல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர், சிவகாசி வழியாக இன்றும் தமிழில் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஊரிலிருந்து நம் பிள்ளைகளுக்கு இத்தாலியும் இங்கிலாந்தும் வந்து சேர்ந்ததே, இதைவிடப் பெரிய கல்வித்தொண்டு எது என்று எனக்குத் தெரியவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் எழுத்தறிவு 84 சதவீதம். மாநிலச் சராசரி 80. பெருமைதான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் வாசிக்கிறார்களா? வாசிக்கும் ஆசை தேர்வுக்குப் படிப்பதால் வராது. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்ற தவிப்பில்தான் வரும். சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது. தெரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே படம் இருந்தால் அந்தக் குழந்தை யாரையும் கேட்க வேண்டியதில்லை, தானே பிடித்துக்கொள்ளும்.

உங்களில் பலர் அடுத்த மாதமே இந்த ஆலைகளில் வேலைக்குச் சேரப்போகிறீர்கள். சேர்ந்ததும் மனிதவள அதிகாரியிடம் ஒரு கோரிக்கை வையுங்கள்: கேன்டீனுக்கு வெளியே ஒரு அலமாரி, அதில் தமிழில் படக்கதைகள், ஷிப்ட் முடிந்து போகிற அப்பா தன் பிள்ளைக்கு எடுத்துப்போகலாம். கையெழுத்து வேண்டாம், அபராதம் வேண்டாம். கிழிந்து வந்தால் ஒட்டிக்கொள்வோம். எடுத்துப்போன புத்தகம் திரும்பவே வராவிட்டால் இன்னும் நல்லது, அந்த வீட்டில் ஒரு புத்தகம் தங்கியிருக்கிறது.

முதல் அலமாரிக்கு, என்னிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும் முத்து, லயன் இதழ்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். கல்லூரி முதல்வர் ஐயாவிடம் இப்போதே ஒப்படைத்துவிடுகிறேன். எந்த ஆலைக்குப் போகிறது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.