பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும்!

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், திடீரென்று கரண்ட் போனால் என்ன ஆகும் என்று. வருஷக்கணக்கில் பழகிய மிஷின் சந்திலேயே நமக்குக் கால் தடுமாறுகிறது. ஆறு வயதுக் குழந்தை மாடிப்படியில் என்ன செய்யும்?

"பள்ளிக்கூடம் பகலில்தானே நடக்கிறது, அவசர விளக்கு எதற்கு?" என்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ம் தேதி பள்ளிக்கூடம் எரிந்ததும் பட்டப்பகலில்தான். சமையற்கட்டின் கீற்றில் பற்றிய தீ, மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்க ஒடுக்கமான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைகளின் குழந்தைகள்!

விளக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எரிகிற கூரையின் கீழ் விளக்கு என்ன செய்யும்? முதலில் கீற்று போக வேண்டும். வழியை அடைக்கும் பூட்டு போக வேண்டும். ஆனால் 1958-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் செங்கல் கட்டிடப் பள்ளியொன்றில் நடந்ததைக் கேளுங்கள். மாடி நடைவழியைக் கரும்புகை அடைத்துக்கொண்டது. 92 பிள்ளைகளும் 3 ஆசிரியைகளும் இறந்தனர். அதுவும் பகல்தான். புகை வந்தால் பகலும் இரவுதான், தோழர்களே!

இந்த விளக்கு பெரிய மாயவித்தை அல்ல. கரண்ட் இருக்கும்போது உள்ளேயிருக்கும் பாட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும், யாரும் சுவிட்சைத் தேடாமலே, தானாக எரியும். ஒன்றரை மணி நேரமாவது எரிய வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. பள்ளிகள் அந்தத் தொகுப்பின்படி நடக்க வேண்டுமென்று 2009 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. கும்பகோணம் தீயை அடுத்துப் போடப்பட்ட வழக்கு அது.

சன்னல் உள்ள வகுப்பறையைவிட, படிக்கட்டுக்கும் நடைவழித் திருப்பத்துக்கும் சன்னலில்லாத அறைக்கும்தான் முதல் விளக்கு. உச்சியில் மாட்டி மட்டும் பயனில்லை. புகை மேலேதான் முதலில் சேரும். வழிகாட்டும் அடையாளம் தாழ்வாகவும் இருக்கட்டும்.

"எங்களிடம் இருக்கிறதே" என்று சுவரைக் காட்டுவார்கள். செத்த பாட்டரியோடு தொங்குகிற விளக்கு வெறும் பெட்டி!

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். அது நாம்தான். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். மெயின் சுவிட்சை உங்கள் கண்முன்னே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மறுமாதம் மறுபடியும் போய் நிறுத்தச் சொல்லுங்கள்.