பிளாஸ்ரிக் இரும்பல்ல



யாழ்ப்பாணத்துக் கராச்சுகளுக்கு இரும்பு நன்கு பழகிய பொருள். 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பிடிக்கவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டிய காலம் அது. பழைய ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் ஓய்வு பெறாமல் ஓடியதும் அந்தக் கைவேலையின் புண்ணியத்தால்தான். உடைந்தால் வெல்டிங், துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மேலே இன்னொரு தகடு, ஆடினால் ஓர் ஆணி. வட்டுக்கோட்டைச் சந்தியிலிருந்து சங்கானை வரை இந்த மருத்துவம் தெரியாத கராச் இல்லை. ஆனால் அதே கராச்சில் ஒரு பழைய நெடும்பயண மோட்டார் சைக்கிளின் முன்கவர் வெடித்து வந்தால், ஒட்டியது ஒரு மாதத்தில் மறுபடி வாய் பிளக்கிறது. உடனே “பிளாஸ்ரிக்கை ஒட்ட ஏலாது” என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இன்றைய உரையின் வாதம். தகட்டு வேலையின் பழக்கத்தைப் பிளாஸ்ரிக்கிலும் அப்படியே காட்டுவதுதான் கோளாறு. தகடு எந்த வண்டியில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே தகடு. பிளாஸ்ரிக் என்பதோ ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். எந்தக் கம் வாங்குவது என்று கேட்க முன், இது எந்தப் பிளாஸ்ரிக் என்று கேட்கவேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பிளாஸ்ரிக் ஏறியது நேற்று இன்றல்ல. 1958இல் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் வண்டியை வெளியிட்டபோதே அதன் முன் மட்கார்ட்டையும் கால் மறைப்பையும் பொலித்தீனில் வார்த்தது. பாரம் குறைந்தது, துருவும் இல்லை. நம்மூரில் இன்றும் மதிப்புக் குறையாத எம்டி 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஜப்பானில் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட வண்டி. பிறகு காற்றைக் கிழித்து நெடுந்தூரம் ஓடுவதற்கென முன்கவர் பூட்டிய வண்டிகள் வந்தன. 2007இல் இந்தியாவில் வெளிவந்த பஜாஜ் பல்சர் 220 போன்றவை அந்த வகை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் முன்கவரின் அருமை நெஞ்சுக்குத் தெரியும். இத்தகைய பெரிய கவர்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கடினமான, பளபளப்பான பிளாஸ்ரிக். மட்கார்ட், உள் மறைப்பு போன்ற வளைந்துகொடுக்கும் பாகங்கள் பெரும்பாலும் பொலிப்புறொப்பிலீன், சுருக்கமாகப் பிபி. ஒரே வண்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயின்ற் பூசியபின் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றதில் பிடிக்காது.

எப்படிப் பிரித்தறிவது? கவரைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பல நிறுவனங்கள் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் ஒரு வாளிக் கிணற்றுத் தண்ணீர் போதும். கண்ணில் படாத ஓரத்திலிருந்து, பெயின்ற் படாத ஒரு சீவலைக் கத்தியால் எடுத்து, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் அமுக்கித் தண்ணீருக்குள் விடுங்கள். ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது, தாழும். பொலிப்புறொப்பிலீனும் பொலித்தீனும் மிதக்கும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதமும் வானியலும் கற்பித்த ஊர் இது. ஆர்க்கிமிடீசின் வழியில் ஒரு சோதனை செய்ய இங்கு யாரும் தயங்கவேண்டியதில்லை. நெருப்பில் கொளுத்தி மணந்து பார்க்கிற வழியும் உண்டு. ஆனால் ஏபிஎஸ் எரியும் புகை நஞ்சு. வாளித் தண்ணீர் இருக்க அது எதற்கு?

வகை தெரிந்துவிட்டால் வைத்தியம் தானாகப் பிரிகிறது. ஏபிஎஸ் அசிற்றோனில் கரையும். அதே பிளாஸ்ரிக்கின் சீவல்களை ஒரு கண்ணாடிப் போத்தலில் அசிற்றோன் ஊற்றி மூடி வைத்தால், சில மணித்தியாலத்தில் கூழாகிவிடும். அந்தக் கூழை வெடிப்பில் இட்டால் அது இரண்டு விளிம்புகளையும் இளக்கி, அசிற்றோன் ஆவியானபின் ஒரே பொருளாக இறுகுகிறது. இது கம் வைத்து ஒட்டுவதல்ல, இரும்பில் வெல்டிங் செய்வதற்கு நிகரானது. பொலிப்புறொப்பிலீனை அசிற்றோன் தொடவே மாட்டாது; சுப்பர் குளூவும் அதன் மெழுகுத்தன்மையான மேற்பரப்பில் நிலைக்காது. அதற்குச் சூடுதான் வழி. சுமார் 165 பாகை செல்சியசில் உருகும் அதை, அதே இனத்துக் குச்சியோடு சேர்த்து உருக்கிப் பொருத்தவேண்டும். இரண்டுக்கும் பொதுவான ஒழுங்கு உண்டு. முதலில் வெடிப்பு முடியும் இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் துளை போடுங்கள்; கூரான நுனியில் குவியும் இழுவிசை வட்டத்தில் பரவி, வெடிப்பு மேலும் ஓடாது. பிறகு வெடிப்பை வாய்க்கால்போலச் சரித்துச் சீவி நிரப்புங்கள். உட்புறத்தில் மெல்லிய துருப்பிடிக்காத கம்பிவலையைச் சூடான சொல்டறிங் அயனால் அழுத்திப் புதைத்தால், பாரத்தை வலை தாங்கும்.

இவ்வளவும் செய்தும் மறுபடி வெடிக்கிறதே என்றால், வெடித்த காரணத்தை அப்படியே விட்டிருக்கிறோம் என்று பொருள். கவர்கள் இருக்கிற இடத்தில் றப்பர் வொஷரோடு சற்று மிதந்து நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பழைய வண்டியில் அந்த றப்பர் காய்ந்து விழுந்திருக்கும். நாலு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும், அந்த இரண்டும் இரும்பை இறுக்குவதுபோல இறுக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் நடுக்கமும் குழி விழுந்த தெருவின் அடியும் ஒரே மூலையில் இறங்கினால் எந்த ஒட்டும் தாங்காது. பத்து ரூபாய்ச் சாமான் இல்லாமல் பத்தாயிரம் ரூபாய்ச் சாமான் உடைகிற கதை இது.

இதற்கெல்லாம் மெனக்கெடுவானேன், புதிதாய் வாங்கிப் போட்டால் போயிற்று என்பார்கள். தெருவில் ஆயிரக்கணக்கில் ஓடும் புதிய மொடலுக்கு அது சரி. விலை குறைவாய்க் கிடைத்தால் வாங்குவதே புத்தி. உற்பத்தி நின்ற வண்டிக்கோ, கிடைப்பது இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய, அதே வெயிலில் அதே அளவு காய்ந்த கவர்தான். 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி பெரும்பாலும் முடங்கியிருந்த நாட்டில், இருக்கிற வண்டியைப் பேணுவதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு, பைபர் அடித்தால் எல்லாம் சரிவரும் என்பது. பொன்னாலைப் பாலம் கடந்தால் காரைநகர். சீநோர் நிறுவனம் பைபர் படகு கட்டிய கரை. அந்தக் கைத்திறன் இந்த வட்டாரத்துச் சொத்து. சுரண்டிச் சொரசொரப்பாக்கிய ஏபிஎஸ் கவருக்கு அது உதவும். பொலிப்புறொப்பிலீன் மட்கார்ட்டில் அடித்தாலோ சில நாளில் காய்ந்த பாளைபோலக் கழன்று வரும். படகுக்கு உகந்தது மட்கார்ட்டுக்கு உகந்ததென்று எடுத்துக்கொள்வதும் அந்தப் பழைய பிழைதான்.

மூன்றாவது கேள்வி பாதுகாப்பு. அதில் உண்மை இருக்கிறது. கவர் வண்டியின் எலும்பல்ல, தோல். ஆகவே செம்மையாய்ச் செய்த ஒட்டினால் ஆபத்தில்லை. ஆனால் கான்டிலை உரசும் நிலையிலோ, சில்லுக்கு மேலே தொங்கும் நிலையிலோ ஒட்டிய கவரை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. வெடித்த ஹெல்மெற்றை எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டக்கூடாது. அதன் வேலை ஒருமுறை அடிதாங்குவது, அது முடிந்துவிட்டது. வெயில் தின்ற கவரும் அப்படித்தான். ஏபிஎஸ்ஸுக்கு வலுவூட்டும் றப்பர்க் கூறை முதலில் அழிப்பது சூரிய ஒளி. விரலால் வளைக்கும்போதே முறுக்குப்போல நொறுங்கினால், அங்கே ஒட்டுவதற்குப் பொருளே மிச்சமில்லை, விட்டுவிடுங்கள்.

ஆகவே நேயர்களே, கவர் வெடித்தால் கடைக்கு ஓட முன் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வையுங்கள். சீவல் தாழ்ந்தால் அசிற்றோன், மிதந்தால் சூடு. அதற்குப் பிறகு, விழுந்துபோன றப்பர் வொஷரைத் தேடி வாங்குங்கள்.