உடல் சொல்வதையும் கேட்போம்



'நெஞ்சு கனக்கிறது', 'வயிற்றைப் பிசைகிறது', 'அடிவயிறு கலங்குகிறது' என்று நம் வீடுகளில் சொல்கிறோம். மனத்தின் பாரத்தைச் சொல்ல உடலைத்தான் துணைக்கு அழைக்கிறோம். இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. இதயத்துடிப்பு, மூச்சு, பசி, களைப்பு பற்றிய செய்திகள் ஓயாமல் மூளைக்குப் போகின்றன. அவற்றை உணரும் திறனுக்கும் மனநலத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்கிறது மருத்துவம்.

இத்திறன் இரண்டு விதமாகப் பிசகலாம். சிலர் சாதாரணப் படபடப்பையும் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். படபடப்பால் பயம், பயத்தால் மேலும் படபடப்பு. கடைசியில் உயிரே போய்விடும் என்ற பீதி. வேறு சிலருக்கோ உடலின் குரல் கேட்பதே இல்லை. பசிப்பதும் களைப்பதும் தெரியாமல் உள்ளுக்குள் வற்றிப்போகிறார்கள். மனச்சோர்வில் இப்படி நேர்வதுண்டு.

இறைவாக்கினர் எலியாவைப் பாருங்கள் (1 அரசர்கள், அதிகாரம் 19). கார்மேல் மலையில் வென்றவர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பணியாளரையும் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு செடியடியில் அமர்ந்து சாவைக் கேட்கிறார். தமக்குப் பசிக்கிறது என்றோ, கால் ஓய்ந்துவிட்டது என்றோ அவர் சொல்லவில்லை. வாழ்வே சலித்துவிட்டது என்கிறார்.

ஆண்டவர் அவரைக் கண்டித்தாரா? இல்லை. வானதூதர் கொண்டுவந்தது சுட்ட அப்பமும் தண்ணீரும். எலியா உண்டார், மறுபடியும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே 40 நாள் பயணம், ஓரேபு மலை, மெல்லிய ஒலியில் இறைவனின் சந்திப்பு. அங்கும் எலியாவின் புலம்பல் உடனே ஓயவில்லை. அப்போது ஆண்டவர் அவருக்குப் பணியும் தந்தார், எலிசா என்ற துணையும் தந்தார். உணவு, உறக்கம், துணை: இவையும் இறையருளே.

நம்மிடையே இரவில் நெஞ்சு படபடத்து விழித்திருப்போர் இருக்கலாம். உண்ணவும் மனமின்றிச் சுருண்டு கிடப்போர் இருக்கலாம். அவர்களை 'பக்தி குறைந்தவர்', 'நடிக்கிறார்' என்று சொல்லாதிருப்போம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உடலில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் துன்பம் தொடர்ந்தால், தயங்காமல் மனநல மருத்துவரை நாடுவோம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகலாக இலவசமாய் இயங்குகிறது. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இன்றிரவு ஆன்ம ஆய்வு செய்யும்போது சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோம்: இன்று நேரத்துக்குச் சாப்பிட்டோமா? இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? எந்தப் பாரம் நெஞ்சை அழுத்துகிறது? கிடைக்கும் பதிலை மறைக்காமல் ஆண்டவர் முன் வைப்போம். நம் உடலைப் படைத்தவர் அவர். மனுவுருவாகிப் பசியையும் களைப்பையும் கண்ணீரையும் அறிந்தவர். அவர் நம்மைத் தேற்றுவாராக. ஆமென்.