அலை ஓய்ந்த பிறகும் அணையாத விளக்கு: ஹகீம் அஜ்மல் கான்

(ஓசூரில் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



அன்பான பெற்றோர்களே, பிள்ளைகளே! டெல்லியின் யூனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) அவர்களை இன்று நாம் நினைவுகூர்வோம். தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்த்த குடும்பம் அவருடையது. யூனானியையும் ஆயுர்வேதத்தையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் திப்பியா கல்லூரியை உருவாக்கினார். 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் அதைத் திறந்துவைத்தார்.

கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் நாட்டைக் குலுக்கிய காலம் அது. ஆங்கில அரசு தந்த பட்டத்தை ஹகீம் சாஹிப் திருப்பிக் கொடுத்தார். அரசு மானியம் வேண்டாம் என்று வெளியேறிய ஆசிரியர்களும் மாணவர்களும் 1920 அக்டோபர் 29 அன்று அலிகாரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கினர். அதன் முதல் வேந்தர் அவரே. 1921 டிசம்பரில் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். மறு ஆண்டு அவர் தலைமையில் அமைந்த சட்டமறுப்பு விசாரணைக் குழுவில், நம் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் இருந்தார்.

பிறகு அலை ஓய்ந்தது. 1922இல் ஒத்துழையாமை நிறுத்தப்பட்டது. 1924இல் துருக்கியிலேயே கிலாபத் ஒழிக்கப்பட்டது. ஜாமியாவுக்கு வந்துகொண்டிருந்த கிலாபத் கமிட்டியின் பணமும் நின்றது. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஹகீம் சாஹிப் அதை 1925இல் டெல்லி கரோல்பாகுக்குக் கொண்டுவந்து, தம் கைப்பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார்.

1927 டிசம்பரில் அவர் மவுத்தானார். அடுத்த வேந்தராக வந்தவரும் மருத்துவர்தான்: டாக்டர் எம்.ஏ. அன்சாரி. பணமில்லாத அந்த நாட்களில், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டுகள் உழைப்போம் என்று ஆசிரியர்கள் உறுதி எடுத்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் ஹுசைன் அவர்களில் ஒருவர். அந்த ஜாமியா இன்று மத்தியப் பல்கலைக்கழகம்.

நம் நிலை என்ன? ரமலானில் கை தாராளமாகிறது. கல்லூரிக் கட்டணமோ ஒவ்வொரு செமஸ்டருக்கும் வருகிறது. இடையில் பணம் இல்லாவிட்டால், பிளஸ் டூ முடித்த பிள்ளை சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போய்விடுகிறான். மகளின் படிப்பு வீட்டோடு நின்றுவிடுகிறது. வேலைக்குப் போவது குறையல்ல. படிக்க ஆசையிருந்தும் கட்டணத்துக்காக நிற்பதுதான் வேதனை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய தொகையை அல்ல. சிறு தொகையானாலும் மாதம் தவறாமல் கொடுங்கள். உதவி பெறும் பிள்ளைகளே, நாளை சம்பாதிக்கும்போது இன்னொரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் முயற்சியையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.