மருத்துவமனையில் தொலைபேசி

(உழவர்கரையில், செவிலியர் பயிற்சி நிறைவுசெய்த மாணவ மாணவியர்க்கு ஆற்றிய உரை)



1823 இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே, நம் கோரிமேட்டில் நிற்கும் ஜிப்மர். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். உடன் வர இயலாதோர் ஊரிலிருந்து தொலைபேசியில் நலம் கேட்கின்றனர். இத்தகைய மருத்துவமனைகளில் பணியாற்றப் போகும் உங்களுக்கு, மணி அடித்தால் எடுத்துப் பேசவும் ஒரு பாடமா என்று தோன்றலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

பணியில் சேர்ந்த முதலாண்டு, ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டா, இரவுப் பணியில் இருந்தேன். ஓர் ஆண்குரல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, "நான் அவள் அண்ணன், அம்மா, எந்த வார்டு?" என்று தழுதழுத்தது. இரக்கப்பட்டு வார்டையும் கட்டில் எண்ணையும் கூறிவிட்டேன். ஒரு மணி நேரத்திற்குள் நால்வர் வந்து நின்றனர். சாதியை மறுத்து மணம் புரிந்து, பிறந்த வீட்டாருக்கு அஞ்சி வாழ்ந்தவள் அப்பெண் என்பதை அப்போதுதான் அறிந்தேன். வார்டுக் கதவைத் தாழிட்டுக் காவலரைக் கூவி அழைத்தவர், அங்கே துப்புரவுப் பணி புரிந்த, நம் மக்களுள் ஒருவரான ஓர் அம்மையார். அவர் இல்லாதிருந்தால்... இன்றும் எண்ண அஞ்சுகிறேன்.

அக்குரல் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் உண்மையாகவே அண்ணன்தான். ஆகவே பேசுவோர் யாரென்று கண்டறிந்தால் மட்டும் போதாது. அவருக்குச் சொல்ல நோயாளி இசைகின்றாரா என்பதே முதற்கேள்வி. அனுமதிக்கும்போதே அதனைக் கேட்டு, பெயரும் எண்ணும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வாறு எழுதப்பட்டவரே பேசுவதாகச் சொன்னாலும், பதிவேட்டிலுள்ள எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். "அவர் அங்கே இருக்கிறாரா?" என்ற வினாவுக்கு "ஆம்" என்பதே ஒரு செய்தியாகிவிடும். "இல்லை" என்று பொய்யுரைக்கவும் வேண்டா. "தொலைபேசியில் எவரைப் பற்றியும் கூறுவதில்லை, தங்கள் எண்ணைத் தாருங்கள்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். ஆனால் நோயாளி உட்கொண்ட மருந்தைப் பற்றியோ நஞ்சைப் பற்றியோ ஒருவர் தகவல் தர முன்வந்தால் தடுக்காதீர்கள். கேட்டுக்கொள்வது வெளியிடுவது ஆகாது. ஒலிவாங்கியை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போவதும் தவறு. வார்டின் பேச்செல்லாம் மறுமுனைக்குக் கேட்கும்.

அதிகாரக் குரல் கேட்டால் நம் நாக்கு தானே பணிந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அதட்டலுக்கு விடை சொல்லிப் பழக்கப்படுத்தப்பட்ட நமக்கு இது இன்னும் கடினம். 2012 டிசம்பர் 4 ஆம் நாள் அதிகாலை, லண்டனில் ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவமனைக்கு ஓர் அழைப்பு வந்தது. கருவுற்று, கடும் வாந்தியால் அங்கே சேர்க்கப்பட்டிருந்த கேம்பிரிட்ஜ் கோமகளின் நலத்தை, அரசியாரே கேட்பதுபோல் ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர் இருவர் நடித்தனர். அந்நேரத்தில் வரவேற்பாளர் பணியில் இல்லை. எனவே அழைப்பை எடுத்தவர் நம் நாட்டில் பிறந்த செவிலியர் ஜசிந்தா சல்டானா. அவர் வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். வேறொரு செவிலியர் நோயாளியின் நிலையை விவரித்தார். அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. மூன்று நாட்களில் ஜசிந்தா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனை அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுத்திருக்கவில்லை. வேடிக்கை செய்தவர்கள் வேறு, வெட்கத்தைச் சுமந்தவர் வேறு.

சட்டமும் இதில் பழையதே. 1810 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம், 378 ஆவது பிரிவில், நோயாளியின் மறைபொருளை வெளியிடும் மருத்துவர்க்கு மட்டுமன்றி, மருந்தாளுநர்க்கும் மருத்துவச்சிக்கும் சிறைத்தண்டனை விதித்தது. நம் நாட்டில் 2017 இல் இயற்றப்பட்ட மனநல மருத்துவச் சட்டமும் எச்.ஐ.வி. பற்றிய சட்டமும் நோயாளியின் செய்தியைக் காக்கக் கட்டளையிடுகின்றன.

பணியேற்கும் முதல் நாளே தலைமைச் செவிலியரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இணைப்பகத்தில் ஆளில்லாத இரவில் அழைப்பை எடுப்பவர் யார்? ஐயம் தோன்றினால் யாரை எழுப்புவது? விடையை எழுத்தில் பெற்று, தொலைபேசியின் அருகே ஒட்டிவையுங்கள். எழுதித் தர மறுத்தால், நீங்கள் கேட்ட நாளையும் நேரத்தையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.