காலி பாட்டிலும் காசாகும்: கூலியையும் கணக்கில் எழுதினால்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நாம் நாற்று நடப் போகிற வயலிலும் வரப்பிலும் காலி பாட்டில்கள் கிடக்கின்றன. உடைந்த கண்ணாடி காலில் குத்தினால் ஒரு வாரக் கூலி போச்சு. அந்தப் பாட்டிலையே வர்ணம் தீட்டிப் பூச்சாடியாக விற்கலாமா என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். தாராளமா விற்கலாம்.

முதலில் பாட்டிலைப் பார்த்து எடுக்கணும். ஜூஸ், சாஸ், மது பாட்டில்கள் போதும். பூச்சிமருந்து, ஆசிட் பாட்டிலைத் தொடவே வேண்டாம். உடைந்ததும் விரிசல் விட்டதும் வேண்டாம். பாட்டிலை வெட்டுகிற வேலையும் நமக்கு வேண்டாம்.

சோப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் லேபிள் உரிந்து வரும். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து எடுத்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவணும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். கண்ணாடியில் பிரஷ் வழுக்கும். அதனால் முதல் பூச்சை ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு மெல்லிசாக ஒற்றணும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அதற்கு மேல் பூவோ கோலமோ போடுங்கள். புள்ளிக் கோலம் போட்டுப் பழகின கைக்கு இது கஷ்டமே இல்லை. கழுத்தில் சணல் கயிறு சுற்றி, கடைசியில் வார்னிஷ் அடிக்கணும். பெயிண்ட் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். "பாட்டில் சும்மாதானே மேடம் கிடைக்குது, வர்றதெல்லாம் லாபம்தானே?" என்று கேட்கிறீர்கள். அது சரியில்லை. 2022-இல் நீலகிரியில் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டத்தை டாஸ்மாக் தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது வந்தது. அந்தத் திட்டம் உள்ள ஊரில் பாட்டிலுக்கே விலை 10 ரூபாய்.

உதாரணத்துக்கு, பாட்டில் 10, பெயிண்ட் 15, வார்னிஷ் 5, கயிறும் பசையும் 10, பஸ் செலவும் பேப்பர் சுற்றுவதும் 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 ரூபாய். தனியாக உட்கார்ந்து ஒன்று செய்ய 2 மணி நேரம் ஆகிறது. ஒரு நாள் கூலி 320 ரூபாய் என்றால் மணிக்கு 40. ஆக அடக்கவிலை 130 ரூபாய். அதை 80 ரூபாய்க்குக் கொடுத்தால் காசு கையில் வந்த மாதிரி இருக்கும். ஆனால் 2 மணி நேர உழைப்புக்கு 30 ரூபாய்தான் மிஞ்சும். யாராவது அந்தக் கூலிக்குக் களை எடுக்கக் கூப்பிட்டால் நாம் போவோமா?

அதனால்தான் குழுவாகச் செய்யச் சொல்கிறோம். ஒருவர் கழுவ, ஒருவர் பூச, ஒருவர் கோலம் போட என்று பிரித்துப் பத்துப் பாட்டிலை ஒன்றாகச் செய்தால், ஒன்றுக்கு 1 மணி நேரத்தில் முடிக்கலாம். அடக்கவிலை 90 ஆகக் குறையும். 120-க்கு விற்றால் பத்துக்கு 1,200 ரூபாய். அதில் பொருள் செலவு 500, நம்ம கூலி 400 போக, குழுவுக்கு 300 நிற்கும்.

இதற்காக வங்கிக் கடன் இப்போது வேண்டாம். 500 ரூபாயைக் குழுச் சேமிப்பிலிருந்து தீர்மானம் எழுதி எடுங்கள். பத்தும் விற்ற பிறகு அடுத்த பத்தைப் பற்றிப் பேசலாம். திருவிழாக் கடை, கண்காட்சி, கல்யாண வீடு என்று யார் வாங்குவார்கள் என்பதை முன்னாடியே விசாரியுங்கள். வாங்குகிறவர்களிடம், "செடி வைத்தால் வாரம் இரண்டு முறை தண்ணீரை மாத்துங்க, இல்லைன்னா டெங்கு கொசு வரும்" என்றும் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பூச்சாடியோடு கணக்கு நோட்டையும் கொண்டு வாருங்கள். அதில் "நம்ம கூலி" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கணும். நம் உழைப்புக்கு நாமே விலை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?