காயலான் கடையில் கிடைத்த குரல்கள்

(ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு படிப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, ஷூ கம்பெனிப் பெண்களின் கூலி என்று பேசினார்கள். என்னைப் பழைய ரெக்கார்டு, பழைய கேசட் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "சோத்துக்கே இழுபறியா இருக்கற எடத்துல பாட்டுப் பெட்டி எதுக்கு?" என்று யாராவது நினைத்தால் அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னிடம் 78 சுற்று ஓடுகிற அரக்குத் தட்டு 140 இருக்கிறது. நாலு பாட்டு கொண்ட சின்னத் தட்டு 310, எல்.பி. 65, கேசட் 700க்கு மேல். ஒன்றுகூடப் புதுசாக வாங்கியதில்லை. எல்லாம் பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு காயலான் கடையில், 1989 தொடங்கி இருபது வருசத்துக்கு மேலாக, எடைக்கும் சில்லறைக்கும் வாங்கியவை. தோல் ஷாப்பில் வாரக்கூலி வாங்கினவன் வேறு எப்படிச் சேர்க்க முடியும்? அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

முதலில், இது எப்படி எடைக்கு வந்தது என்று பார்க்கணும். ரெக்கார்டு என்பது வசதியானவன் வீட்டுச் சாமான். நம்மாளுங்க அதைக் கேட்டது மைக் செட்டில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத் தண்ணி, ஆடி மாசம் கூழ் ஊத்தறது, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி விடியவிடியப் போடுவார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியில் நூறு இருநூறு தட்டு இருக்கும். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை 1963லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது நம்ம தெருவரைக்கும் வந்தது 1980களில்தான். டி-சீரிஸ் குல்ஷன் குமார் மாதிரி ஆட்கள் விலையை அடித்து இறக்கிய பிறகு, எச்.எம்.வி.யின் ஏகபோகம் உடைந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் தட்டுகளைச் சாக்கில் கட்டிக் காயலான் கடையில் போட்டார்கள். பழைய இரும்பு ஒரு பக்கம், ட்ரம்மிலிருந்து கழட்டின போல்ட்டு ஒரு பக்கம், நடுவில் பாட்டு.

இரண்டாவது அலை 1990களின் நடுவில் வந்தது. பாலாறு நாசமானது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சுத்தம் பண்ண ஏற்பாடு இல்லாத தோல் ஷாப்புகளை மூடச் சொன்ன காலம் அது. ஆத்தைக் கெடுத்தது முதலாளி, வேலை போனது நமக்கு. அப்போது வீட்டில் இருந்த டேப்ரெக்கார்டர், கேசட், எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி எல்லாம் அரிசிக்காகக் கடைக்குப் போனது. ஆகவே நான் மலிவாக வாங்கினேன் என்று சொல்லும்போது, யாரோ கஷ்டத்தில் விற்றதை வாங்கினேன் என்றும் அதற்கு அர்த்தம். இதை மறைத்துவிட்டு ரசனையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

குவியலில் என்ன இருந்தது? இந்த ஊரே இருந்தது. உருது கவ்வாலித் தட்டுகள், நாகூர் ஈ.எம். ஹனீஃபாவின் இஸ்லாமியப் பாட்டு, அதே ஹனீஃபா பாடிய தி.மு.க. பிரச்சாரப் பாட்டு. லுத்தரன் சபைக் குடும்பங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் கீர்த்தனை. கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா. மவுண்ட் ரோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியன் தட்டுகள். 'அன்னக்கிளி'க்குப் பிறகு, அதாவது 1976க்குப் பிறகு, இளையராஜா. கோலார் தங்கவயலில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய வடாற்காட்டுக் குடும்பங்களின் தட்டுகளும் வந்தன. உறையில் 'மாரிகுப்பம்' என்று பென்சிலில் எழுதியிருக்கும்.

கேட்கக் கேட்க இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, இந்தச் சங்கீதம் முழுவதிலும் நம் உழைப்பு இருக்கிறது. 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. அந்த அரக்கைச் சோட்டா நாகபுரிக் காடுகளில் மரத்திலிருந்து சுரண்டிச் சேர்த்தவர்கள் ஆதிவாசிகள். தட்டுக்குள் கேட்கிற மிருதங்கம் தோலால் ஆனது. பசுத் தோல், ஆட்டுத் தோல், இழுத்துக் கட்ட எருமை வார். அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் அதை வெளியிட முதலில் இடம் கொடுத்த கலாக்ஷேத்திரா, பிறகு அனுமதியை ரத்து செய்தது. தொல். திருமாவளவன் கலந்துகொண்ட அந்த வெளியீடு வேறு இடத்தில் நடந்தது. என்னிடம் உள்ள கர்நாடக எல்.பி. உறைகளில் பாடகர் பேர், வயலின் பேர், மிருதங்கம் வாசித்தவர் பேர், தம்பூரா போட்டவர் பேர்கூட இருக்கிறது. மிருதங்கம் செய்தவர் பேர் ஒன்றில்கூட இல்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டின கைக்கு அந்த வலி தெரியும்.

இரண்டாவது, பறை இல்லை. நான் சேர்த்த ஐநூத்திச் சொச்சம் தட்டில் பறை என்று பேர் போட்ட தட்டு ஒன்றும் கிடையாது. சினிமாப் பாட்டில் அங்கங்கே அடி கேட்கும். அடித்தவர் யார் என்று இருக்காது. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் மைக் கிடையாது, கூம்புக் குழாயைப் பார்த்துப் பாடணும், பலமான தாளக்கருவி அடித்தால் வெட்டுகிற ஊசி குதிக்கும் என்று. அது உண்மைதான். ஆனால் 1925இல் மைக் வைத்துப் பதிகிற முறை வந்துவிட்டதே? அதற்குப் பிறகு எது தடுத்தது? அதே கம்பெனிகள் நாதஸ்வரத்தையும் தவிலையும் பதிந்து விற்றன. பறை சாவுக்கு அடிக்கிறது, தீட்டு, அது சங்கீதமே இல்லை என்ற சாதிப் புத்திதான் தடுத்தது. வாங்கக் காசு உள்ளவனின் காதை வைத்துத்தான் கம்பெனி பதிவு செய்தது. நமக்கு அன்று தட்டு வாங்கக் காசு இல்லை.

இந்த இடத்தில்தான் கேசட் முக்கியமாகிறது. தட்டு பதிய கல்கத்தா டம்டம் மாதிரி தொழிற்சாலை வேணும். கேசட் பதிய ஒரு டேப்ரெக்கார்டரும் ரெண்டு பித்தானும் போதும். மகாராஷ்டிரத்தில் இதை நம் ஆட்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். வாமன்தாதா கர்டக் மாதிரி கவிகளின் பீம் பாட்டுகள் சேரிக்குச் சேரி போயின. நாகபுரி தீக்ஷாபூமியிலும் மும்பை சைத்யபூமியிலும் அதற்கென்றே கடைகள் முளைத்தன. இங்கே, கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த கொடுமையை நினைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு, கே.ஏ. குணசேகரன் குரலில் மேடைமேடையாகப் பரவியது. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் செய்தார். ரெண்டு பேரும் இன்று இல்லை. கேசட் இருக்கிறது.

ஆனால் நான் சொல்லவந்தது இவை பற்றிக்கூட இல்லை. காயலான் கடையில் தனியாக ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. வீட்டில் பதிந்த கேசட்டுகள். ஒண்ணு ரெண்டு ரூபா. பாட்டுக் கேட்க அல்ல, அழித்துவிட்டு மேலே வேறு பதிந்துகொள்ள. ஒரு நாள் அதைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"அதுல பாட்டு இல்ல தம்பி. காலி கேசட்டு. மேல பதிஞ்சிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"உள்ள எதுனா இருக்குதா பாய்?"

"போட்டுப் பாத்தேன். யாரோ கெழவி அழுவுது. மேளம் அடிக்கறாங்க. அத வெச்சிகினு நீ இன்னா பண்ணப்போற?"

வாங்கிவந்து போட்டேன். பதினேழு நிமிஷம் ஒப்பாரி. பின்னால் பறை, நாய் குலைப்பது, யாரோ தண்ணி கேட்பது. அந்த அம்மா மகனுக்காக அழுகிறாள். தோல் ஷாப்பு, சுண்ணாம்புத் தொட்டி, மேஸ்திரி, முன்பணம் எழுதின நோட்டு எல்லாம் அந்த ஒப்பாரியில் வருகிறது. தோல் தொழிலைப் பற்றிய எந்தச் சர்க்கார் அறிக்கையிலும் நான் படிக்காத விவரம். மேலே ஒட்டின சீட்டில் ஊர்ப் பேர் அழிந்துபோய் 'வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்' என்பது மட்டும் மிச்சம். நம் மாவட்டத்துக்கு 1989இல் அம்பேத்கர் பேர் வந்து, 1990களின் பிற்பகுதியில் எடுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தச் சில வருசத்துக்குள் எழுதின சீட்டு அது. எடுத்துப்போட்ட பேர் கேசட்டின் வயசைச் சொல்லிக் கொடுத்தது.

யார் பதிந்தார்கள், ஏன் பதிந்தார்கள்? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களுக்குக் கடுதாசிக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புகிற பழக்கம் அப்போது இருந்தது. சாவுக்கு வரமுடியாத தம்பிக்காகப் பதிந்திருக்கலாம். இப்படி 43 கேசட் என்னிடம் சேர்ந்திருக்கிறது. கூத்து, தாலாட்டு, கல்யாணத்தில் பேண்டு செட்டு, ஏப்ரல் 14 கூட்டத்தில் ஒரு பெண் பேசுவது. ரெண்டு ரூபாய்க்கு அழிக்கப்பட இருந்தவை.

தோழர்களே, அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகைக்கும் இதே கதிதான் வந்திருக்கும். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தப் பழைய தாள்களைக் காப்பாற்றி வைத்தார்கள். ஞான அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றையே நாம் வேறு மாதிரிப் பேச முடிந்தது. எடைக்குப் போகவேண்டிய காகிதம்தானே அது? காகிதத்தைக் காப்பாற்ற ஆள் இருந்தார்கள். குரலைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

பாட்டு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 மே மாதம் ஷீரடியில், செல்போனில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்த ஒரு தலித் இளைஞனை அடித்தே கொன்றார்கள். சாதி வெறியனுக்குப் பாட்டின் பலம் தெரிந்திருக்கிறது. நாம்தான் அதை எடைக்குப் போடுகிறோம்.

இன்றைய நிலைமை மாறியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. அதில் பாடிய அறிவு நம் பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை. பஞ்சாபில் கின்னி மாஹி, தோல் தொழில் சாதிப் பேரையே பாட்டில் பெருமையாகச் சொல்லிப் பாடுகிறாள். பறைக்குப் பயிற்சி முகாம் நடக்கிறது. சந்தோசம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் பாடின பாட்டிகள் பேரில்லாமல் போகக் கூடாது. யூடியூபில் போட்டால் நிரந்தரம் என்றும் நம்பாதீர்கள். அந்தப் பெட்டியின் சாவி கம்பெனிக்காரன் கையில்.

என்ன செய்யலாம்? சில நடைமுறை விஷயம். உங்கள் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பில் ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிய முடியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் உடனே ஓட்டாதீர்கள், நாடா அறுந்துவிடும், பெட்டியும் கெடும். துடைத்துச் சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். மாடி ஓட்டுச் சூட்டில் வளைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடினவர் பேர், ஊர், என்ன சமயத்தில் பாடினது, யார் பறை அடித்தது என்று பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதுங்கள். இன்னும் பத்து வருசம் போனால் கேட்க ஆள் இருக்காது.

இன்னொன்று. ஒப்பாரி ஒருத்தருடைய துக்கம். அதை எடுத்து பீட் போட்டு வெளியிட நமக்கு உரிமை கிடையாது. நான் அந்தப் பதினேழு நிமிஷத்தை இந்தப் படிப்பகத்துக்குள் மட்டும்தான் போட்டுக் காட்டியிருக்கிறேன், குடும்பத்தார் யாராவது குரலை அடையாளம் சொல்வார்களா என்று. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமும் எடுத்துப்போய்க் கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.

என்னிடம் உள்ளது எல்லாம் இனி இந்தப் படிப்பகத்துக்கு. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையைத் தம்பிகள் ரெண்டு பேர் ஆரம்பித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே இருப்பார்கள். வரும்போது ஆளுக்கு ஒரு கேசட்டும், அது யார் என்று சொல்லத் தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.